மூஞ்சூற்றின் ஈரல்

மெஷினின் மூடியை அழுத்தியாயிற்று, பச்சை விளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது, இனி அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பதால் இல்லாத வைரஸ் வந்துவிடப் போவதுமில்லை, இருக்கிற வைரஸ் வெட்கப்பட்டு ஓடிவிடப் போவதுமில்லை, போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், முகத்தைக் கழுவலாம், கீழே ஹாலில் நாற்காலி போடுகிறவர்களிடம் வழியை அடைக்காமல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வரலாம், இத்தனையும் மங்களேஸ்வரிக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். திரையில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கோடு. எல்லாக் கோடும் இப்போதைக்குத் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. எந்தக் குழியில் வைரஸ் இருக்கிறதோ அந்தக் கோடு மட்டும் கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கும், தூக்கிவிட்டால் அப்புறம் ஏற்றம்தான். நிறைய இருந்தால் சீக்கிரம் தூக்கும், கொஞ்சம் இருந்தால் ஆடி அசைந்து தூக்கும், ஒன்றுமே இல்லையென்றால் கடைசிவரைக்கும் தரைதான். வருஷக்கணக்காக இந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கனவிலும் கோடுதான் வரும். ஆனால் இன்றைக்குப் போல என்றைக்கும் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்ததில்லை. ஏனென்றால் இன்றைக்கு ஒரு குழியில் இருப்பது அவளுடைய ரத்தம். சிவப்புக் கோடு என்று அவளேதான் நிறம் கொடுத்தாள், சிவப்பைத் தவிர வேறு நிறமா கிடைக்கவில்லை, பைத்தியக்காரி, மாற்றிவிடலாமா என்று மௌஸ் மேல் கையை வைத்தாள், பிறகு எதற்கு என்று எடுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பெருமாள்மலைப் பக்கமிருந்து பஞ்சு பஞ்சாக மேகம் ஏறி வந்து கண்ணாடியை நனைத்துக்கொண்டிருந்தது.

கீழே நாற்காலி இழுக்கும் சத்தம் காதைக் கிழித்தது. மத்தியானம் கூட்டம். சென்னையிலிருந்து டைரக்டர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், வனத்துறையில் இரண்டு பேர், போண்டாவுக்குச் சொல்லியாயிற்று, ஃப்ளெக்ஸும் கட்டியாயிற்று. அந்த ஃப்ளெக்ஸை அடித்த வத்தலக்குண்டுக் கடைக்காரன் மூஞ்சூறு படம் கிடைக்காமல் ஒரு வெள்ளெலியைப் போட்டு, அதற்குக் கன்னத்தில் கொஞ்சம் ரோஸ் நிறமும் கொடுத்து அனுப்பியிருந்தான். பார்த்த நிமிஷத்தில் வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். படத்துக்குக் கீழே அவள் பெயர், முனைவர் பட்டத்தோடு. அதற்கு மேலே, அவள் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், நிலையத்தின் தலைவர் கோபாலரத்தினத்தின் பெயர். அது சரிதான், அவர் இல்லாவிட்டால் இந்த நிலையமும் இல்லை, மெஷினும் இல்லை, மூஞ்சூறும் இல்லை. சோலைக்காட்டு மூஞ்சூற்றின் ஈரலில் மனிதனுடைய மஞ்சள் காமாலை வைரஸுக்குச் சொந்தக்கார வைரஸ் ஒன்று இருக்கிறது என்று அவள் முதல் முதலில் போய்ச் சொன்னபோது அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பிள்ளையார் வாகனத்துக்கே மஞ்சள் காமாலையா என்று கேட்டார். சொந்தக்காரன் என்றால் தூரத்துச் சொந்தம் இல்லை. வேறு ஊர்களில் வௌவாலிலும் அணிலிலும் கண்டுபிடித்தவையெல்லாம் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட முறை. இது கூடப்பிறந்த மாதிரி. வைரஸின் மரபணுவில் ஒரு சின்னத் துண்டைத்தான் படிக்க முடிந்தது, அந்தத் துண்டில் மனித வைரஸுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. இத்தனை நெருக்கத்தில் இதுவரை யாரும் பார்க்கவில்லை, மனுஷனுக்கு இந்த நோய் எங்கேயிருந்து வந்தது என்ற கேள்விக்கு நம்முடைய மலையில் பதில் இருக்கிறது என்றார் அவர். அதைவிட அதிசயம், மூஞ்சூற்றில் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருந்தது. கோடு எப்போதும் தாமதமாகவே தலை தூக்கியது. ஈரலும் பளபளவென்று நன்றாக இருந்தது. அப்படியானால் இந்தத் துக்கடா உயிர் அந்த வைரஸை அடக்கி வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது, எப்படி என்று தெரிந்தால் மனிதனுக்கும் மருந்து கிடைக்கும். இதை டைரக்டரிடம் போனில் சொன்னபோது அவர் குழந்தையைப் போல் குதூகலித்தாராம். மூஞ்சூற்றிடம் மனிதன் கற்கும் பாடம் என்று பேச்சுக்குத் தலைப்புக்கூட வைத்துவிட்டாராம்.

கோடுகள் தரையில்தான் இருந்தன. இப்போது எழும்பாது, எவ்வளவு நிறைய இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் எழும்பாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தண்ணீர் பாட்டில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது, எழுந்து போக மனம் வரவில்லை. எல்லாம் போன வாரம் ஷாகுல் ஊரில் இல்லாததால் வந்த வினை. ஷாகுல் பக்கத்து அறையில் வேலை பார்ப்பவன், பழனிக்காரன், நல்லவன், ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவான், எந்தத் தைரியத்தில் இந்த வேலைக்கு வந்தானோ. நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு, கோபாலரத்தினம் ஏற்படுத்தியது. ஈரலிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுக்கிற கிட் ஒன்றைப் புதிதாகத் திறந்தால் முதல் குழாயில் மூஞ்சூறு போகக்கூடாது. மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, பொறி வைத்துப் பிடித்த உயிர், அதன் ஈரல் மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும், அதைக் கொண்டுபோய் நல்லதா கெட்டதா தெரியாத கிட்டில் போட்டுப் பாழடிப்பதா? அதனால் கிட்டைத் திறக்கிறவர் தன் விரலைக் குத்தித் தன் ரத்தத்தை முதலில் போட்டுப் பார்க்கவேண்டும். டிஎன்ஏ ஒழுங்காக வந்தால் கிட் நல்ல கிட், அப்புறம் மூஞ்சூறு. இதற்குப் பிள்ளையார் சுழி போடுவது என்று பெயர். மங்களேஸ்வரி வருஷக்கணக்காக மேஜையில் உட்கார்ந்து விரலைக் குத்திச் சுழி போட்டுக்கொண்டிருக்கிறாள். ஷாகுல் மட்டும் விதிவிலக்கு, அவன் பஜாரில் கோழி ஈரல் வாங்கி வந்து அதை முதலில் போடுவான், அதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அந்தக் கோழிச் சரக்கைத்தான் அவளும் தன் பரிசோதனையில் ஒரு குழியில் வைப்பது வழக்கம். இதில் வைரஸ் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று ஒரு குழியில் இருந்தால்தான் மெஷின் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும். போன வாரம் கோழி தீர்ந்துவிட்டது, ஷாகுல் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தான். சரி, நம்முடைய ரத்தம்தான் மிச்சம் இருக்கிறதே, நம்மைவிடச் சுத்தம் யார், காலேஜில் படிக்கும்போதே இந்த நோய்க்கு மூன்று தடுப்பூசியும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டவளாயிற்றே என்று அதை எடுத்து வைத்தாள். அந்தக் கோடு எழும்பியது. மற்ற எல்லாக் கோட்டுக்கும் முன்னால், முண்டியடித்துக்கொண்டு எழும்பியது. கை தவறியிருக்கும் என்று மறுபடி வைத்தாள், மறுபடி எழும்பியது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்தது பிசைந்தபடி தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

இரண்டே வழிதான். அன்றைக்கிலிருந்து அந்த இரண்டு வழியிலேயே மனசு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று, மூஞ்சூற்றின் வைரஸ் மேஜையில் எங்கோ துளித்துளியாகத் தாவி அவளுடைய ரத்தக் குழாயில் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் அவள் நல்லாயிருக்கிறாள், அவளுக்கு ஒரு நோயும் இல்லை, ஆனால் கண்டுபிடிப்பு போச்சு. அவள் குழாய்க்குத் தாவிய வைரஸ் ஒரு மூஞ்சூற்றின் குழாயிலிருந்து இன்னொரு மூஞ்சூற்றின் குழாய்க்குத் தாவாமலா இருந்திருக்கும், எதை நம்புவது, எதை விடுவது, கையில் சுத்தம் இல்லாத ஆள் என்று உலகம் பூராவும் சிரிக்கும். கோபாலரத்தினம் சிரிக்கமாட்டார், அதுதான் இன்னும் கொடுமை, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இரண்டாவது வழி, எதுவும் தாவவில்லை, மேஜை சுத்தம், கை சுத்தம், மூஞ்சூற்றில் இருந்தது மூஞ்சூற்றில்தான் இருந்தது, அவளிடம் இருப்பது அவளிடம் இருக்கிறது. அவளுக்கு அந்த நோய் இருக்கிறது. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கலாம், வைரஸ் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தடுப்பூசி வெறும் தண்ணீர், ஊசி போடுவதற்கு முன்னால் யார் பரிசோதித்தார்கள், ஒருவரும் பரிசோதிக்கவில்லை. எது என்று தெரியவேண்டுமானால் புதிதாக ரத்தம் எடுத்து, தன் கை படாமல், தன் அறைக்கு வெளியே, வேறு கிட்டில் போட்டுப் பார்க்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சிடம் இன்றைக்குக் காலையில் போய்க் கையை நீட்டினாள். குழாயைத் துணியில் சுற்றி, சிவப்பு தெரியாதபடி, ஷாகுலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இது என் ரத்தம், உன் அறையில், உன் கிட்டில் நீயே டிஎன்ஏ எடுத்துக் கொடு, ஏன் என்று கேட்காதே என்றாள். அவன் கேட்கவில்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வாங்கிக்கொண்டான். எடுத்துக்கொண்டு வந்தபோது கூடவே வேறு சில குழாய்களும் வைத்திருந்தான். குழி சும்மா காலியாகத்தானே இருக்கும் என்று, அவள் வைரஸ் கண்டுபிடித்த அதே மூஞ்சூறுகளின் மிச்ச ஈரலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அவனுடைய கிட்டில் அவனே பிரித்தெடுத்திருக்கிறான். சரி போடு என்றாள். அவளுக்கு அப்போது மூஞ்சூற்றைப் பற்றிய கவலை இல்லை, மூஞ்சூறு எங்கே போய்விடப் போகிறது. கவலையெல்லாம் அந்த ஒரு சிவப்புக் கோடு. அது எழும்பினால் நோய், எழும்பாவிட்டால் அவமானம். சாமி கும்பிடலாம் என்று பார்த்தால் எதைக் கேட்டுக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

தெரியவில்லை என்பது பொய். தெரியும். எழும்ப வேண்டும் என்றுதான் மனசு கேட்டது. காலையில் நர்சம்மா பஞ்சை அழுத்தியபோதே கேட்டது, இருக்கட்டும், எனக்கு இருக்கட்டும், நோய் இருந்துவிட்டுப் போகட்டும் என்று. எந்த மனுஷியாவது இப்படி வேண்டிக்கொள்வாளா, சூடு சுரணை இருக்கிறதா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டினால் மட்டும் ஆசை போய்விடுமா. தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் போதும், எத்தனையோ பேர் போட்டுக்கொண்டு கிழவியாகிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஸ்கேன், அவ்வளவுதானே. கல்யாணம் நின்றுபோகும் என்று பயப்பட யாரும் இங்கே பெண் பார்க்க வந்து காத்துக்கொண்டிருக்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டே மாநாடுகளுக்குப் போகலாம், மேடையில் நிற்கலாம், மூஞ்சூறு பத்திரமாக இருக்கும். ஆனால் பூமிநாதன் அண்ணன் வந்து எதிரே நின்றுவிடுகிறான். அவன் வந்தால் பேரம் எல்லாம் நின்றுவிடும். வயிறு முன்னால் வர, கையும் காலும் குச்சியாக, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு போர்வையில் உட்கார்ந்திருந்தான். கண்ணில் வெள்ளை என்று ஒன்றே இல்லை, மஞ்சள். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். மினி பஸ் ஓட்டினவன், வாட்டசாட்டமான ஆள், உத்தரகோசமங்கை வளைவில் அவன் வண்டி திரும்பும் தோரணைக்கே ஊரில் ரசிகர்கள் உண்டு. வந்த டாக்டர் ஆளைப் பார்த்தார், தொழிலைக் கேட்டார், குடிதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் எதையும் பரிசோதிக்கவில்லை. ஊர் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்தது, டாக்டரும் சொன்னதும் சாமியே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதுகூடத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். அவன் எப்போதோ குடித்தவன்தான், மாலை போட்ட வருஷத்தோடு விட்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான், குடிகாரன் பேச்சை யார் நம்புகிறார்கள். அவள் ஹாஸ்டலிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “சத்தியமா தொடலத்தா, நீ படிச்சவ, நீ அம்மாகிட்ட சொல்லு” என்றான். இப்போது இந்தச் சிவப்புக் கோடு எழும்பினால், அவளுக்குப் பிறக்கும்போதே இருந்தது என்றால், அது அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவிடமிருந்து வந்தது என்றால் அண்ணனுக்கும் வந்திருக்கும், வருஷக்கணக்காக ஈரலில் உட்கார்ந்து கட்டியை உண்டாக்குவதும் இதே வைரஸ்தான். அப்படியானால் அவன் குடித்துச் சாகவில்லை, பிறந்து செத்தான். அப்படியானால் ஊரில் வெற்றிலையை மென்றுகொண்டு, கருவாடு காயவைத்துக்கொண்டு, காக்காயை விரட்டிக்கொண்டு நன்றாக இருக்கிற அம்மாவிடம் போய் இதை யார் சொல்வது, எந்த வாயால் சொல்வது. இந்த இடத்தில் வந்து மனசு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும். அதனால் அவள் இழுப்பதில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள், இரண்டே வழிதான் என்று.

சிவப்புக் கோடு அசைந்த மாதிரி இருந்தது. கண் பொய் சொல்லும், வெகுநேரம் பார்த்தால் எல்லாக் கோடும் அசையும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், பாட்டிலை மூடாமலேயே திரும்பி வந்தாள். அசையத்தான் செய்தது. மற்றதெல்லாம் தரையில் கிடக்க, அது மட்டும் தலையைத் தூக்கி, கொஞ்சம் தயங்கி, அப்புறம் விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தது. இவ்வளவு சீக்கிரம் ஏறும் கோட்டைப் போன வாரத்துக்கு முன்னால் அவள் இந்த மெஷினில் பார்த்ததே இல்லை, சொட்டு ரத்தத்தில் கோடிக்கணக்கில் இருந்தால்தான் இப்படி ஏறும். துணைக்கு ஷாகுல் திரும்பி வந்து புதிதாக எடுத்த கோழியை ஒரு குழியில் வைத்திருந்தாள், அது தரையில் இருந்தது. வெறும் தண்ணீர் ஒரு குழியில், அதுவும் தரையில். ஆக மெஷின் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிறது. அம்மாவுக்கு இருக்கிறது, அண்ணனுக்கு இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். உள்ளங்காலிலிருந்து குபுகுபுவென்று ஏறி வந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். மூஞ்சூறு தப்பித்தது. கை சுத்தம். போண்டா வரட்டும், டைரக்டர் வரட்டும், வெள்ளெலி ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று பேசுகிறேன், பேசி முடித்துவிட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடித்து மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்க்கிறேன், அதற்கப்புறம் ஊருக்குப் போய் அம்மா காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறேன், அழுகிறேன், எல்லாம் வரிசையாகச் செய்கிறேன். ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி முதுகு தானாக நிமிர்ந்தது. கீழே யாரோ மைக்கைத் தட்டி ஒன்று, இரண்டு என்று சொல்லிப் பார்த்தார்கள்.

இனிமேல் மெஷினைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பழக்கம் விடுமா, மூஞ்சூறுகளின் நீலக் கோடுகளுக்காக உட்கார்ந்திருந்தாள். அவை எப்போதும் தாமதம்தான். பொறுமை வேண்டும் மூஞ்சூற்றுக்கு. அவளுடைய கோடு உச்சிக்குப் போய் வளைந்து சமதளமாகப் படுத்துவிட்டது, நீலக் கோடுகள் இன்னும் தரையில்தான் இருந்தன. ஃப்ரீசரில் கிடந்த ஈரல், கொஞ்சம் வீணாகியிருக்கும், இன்னும் கொஞ்சம் தாமதமாகும். அவை வழக்கமாக எழும்பும் நேரம் வந்தது. வந்து, தாண்டியது. ஒன்றுகூட அசையவில்லை. ஷாகுல் எடுத்ததில் ஏதோ தப்பு பண்ணியிருப்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்கிறவன்தானே என்று நினைத்தாள். நினைத்த உடனே, அவளுடைய ரத்தத்தை எடுத்தவனும் அதே ஷாகுல்தானே, அதே கிட், அதே காலை, அது சரியாகத்தானே வந்திருக்கிறது என்று தோன்றியது. ஷாகுல் வேலை செய்த மூஞ்சூறுகள் ஒன்றில்கூட என்றைக்கும் வைரஸ் வந்ததில்லை. அவன் செய்ததெல்லாம் மேட்டுச் சோலையில் பிடித்தவை, அவள் செய்தது பள்ளத்துச் சோலையில் பிடித்தவை, அதனால் மேட்டுக் குளிருக்கு வைரஸ் வராது, பள்ளத்து ஈரத்துக்கு வரும் என்று அவள் ஒரு தனி அத்தியாயமே எழுதி வைத்திருந்தாள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஷாகுலின் கிட்டில் முதலில் போனது கோழி. அவளுடைய கிட்டில் முதலில் போனது அவள். விரலைக் குத்தி, சுழி போட்டு, அதே பிப்பெட்டைக் கிட்டின் திரவப் பாட்டிலில் விட்டு விட்டு எடுத்து, அந்தப் பாட்டிலில் இருந்துதான் அப்புறம் ஒவ்வொரு மூஞ்சூற்றுக்கும் ஊற்றினாள். கோடிக்கணக்கில் இருந்தால் ஒரு துளியில் பாதி போதும், ஈ கண் அளவு போதும். வைரஸ் இருக்கிறது என்று தெரிந்த குழாயைத்தான் எல்லாரும் பயந்து பயந்து தனி அறையில் வைப்பார்கள், தன் ரத்தத்துக்கு யார் பயப்படுவார்கள். தாவும், தாவும் என்று எத்தனை நாள் தூங்காமல் யோசித்தாள், மூஞ்சூற்றிலிருந்து தனக்குத் தாவியிருக்குமோ என்றே யோசித்தாள். மிருகத்திலிருந்துதான் மனுஷனுக்கு வரும் என்று படித்தவள், அதைத்தான் பாடம் எடுத்தவள், அந்தப் பக்கத்தைத் தவிர வேறு பக்கம் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை. கூடப்பிறந்த மாதிரி நெருக்கம் என்று கொண்டாடினார்களே, நெருக்கம் இல்லாமல் எப்படி இருக்கும், அது அவளுடையதேதானே. கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது, அடக்கி வைத்திருக்கிறது, ஈரல் பளபளக்கிறது என்று அதிசயித்தார்களே, பளபளக்காமல் என்ன செய்யும், அந்த வாயில்லா ஜீவனுக்கு எதுவுமே இல்லை. காட்டில் மழையில் அலைந்து அவள் பிடித்துக்கொண்டு வந்தது அம்மா அவளுக்கு வயிற்றிலேயே கொடுத்து அனுப்பியது. சிரிப்பு வந்தது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தாள், அண்ணன் வராந்தாவில் மூச்சு வாங்கின மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அவமானமா நோயா என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று. இனி வேண்டிக்கொள்ளவும் ஒன்றும் பாக்கியில்லை. மெஷின் ஓட்டத்தை முடித்துக்கொண்டு இரண்டு முறை பீப் அடித்தது.

கதவைத் திறந்துகொண்டு கோபாலரத்தினம் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, முகமெல்லாம் கல்யாண வீட்டுக்காரர் களை. டைரக்டரின் கார் மலைப்பாதையில் ஊத்து ஊரைத் தாண்டிவிட்டதாம், பத்திரிகைக்காரர்கள் போண்டாவைப் பிடித்துவிட்டார்களாம், அவள் இன்னும் இந்தக் கசங்கின லேப் கோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பேசிக்கொண்டே வந்தார். வாசலில் ஷாகுல் நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. அவன் திரையைப் பார்த்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இன்றைக்கு ஒரு நாள் கீழே போய்ப் பேசிவிட்டால் என்ன, நாளைக்குச் சொன்னால் என்ன, ஷாகுல் ஏன் என்று கேட்காதவன்தானே என்று மனசு கடைசியாக ஒருதரம் முண்டிப் பார்த்தது. அவர் பக்கத்தில் வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒரே ஒரு சிவப்புக் கோடு உயரத்தில் நிற்பதையும் கீழே நீலக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் கிடப்பதையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா இது, நம்ம மூஞ்சூறு எங்க?”

ஸ்டூலை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“மூஞ்சூறுக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான்.”